கவரைப்பேட்டையில் வண்டி நின்றால்...

சென்னையிலிருந்து வடக்கே போகும் பாதைக்கு என்ன பெயர் என்று கேட்டால், பெரியவர்கள் இன்னும் "ஜி.என்.டி. ரோடு" என்றுதான் சொல்வார்கள். 'கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு' என்பது அதன் முழுப் பெயர். அரசாங்கக் கணக்கில் அது வெகு காலம் ஐந்தாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. 2010-ல் நம்பர்களை எல்லாம் மாற்றி அமைத்தபோது பதினாறாம் நம்பர் ஆகிவிட்டது. நம்பர் எதுவானால் என்ன? பிடித்த பிடியை விடாமல் போனால் கல்கத்தாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சூளூர்ப்பேட்டை வரையில் போனால் போதும். அங்கே உங்கள் நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு வாரம். காலையிலேயே கொழுந்தனார் தம்முடைய புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பெரிய வண்டி. அவருக்கு அதில் பெருமை உண்டு. உங்களுக்கும் கொஞ்சம் உண்டு. பின்பக்கத்து டிக்கியில் சீர்த் தட்டுகள், ஐந்து வகை சாதம், முறுக்கு டின், கண்ணாடி வளையல் பெட்டி. பின் சீட்டில் நீங்களும் மாமியாரும். பதினொன்றரை மணிக்குள் வளையல் அடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

மாதவரம், புழல், நெல்லுக்கும் அரிசிக்கும் பேர்போன செங்குன்றம், பிறகு சோழவரம். சோழவரத்தைத் தாண்டும்போது ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் இங்கே இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு அதே தளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் குடிபோகும் வரையில், டயர் தேயத் தேய வண்டி ஓட்டுவதைப் பார்க்கச் சென்னைவாசிகள் இங்கேதான் கூட்டமாக வருவார்கள்.

காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம். பிறகு பஞ்செட்டி, தச்சூர் கூட்டு ரோடு. இருபுறமும் லாரிகள். ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பதினான்கு சக்கரம் என்று எண்ணிக்கொண்டே போனால் குழந்தைகளுக்குப் பொழுது போய்விடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிறவை பாதி. ஆந்திராவுக்கும் அதற்கு அப்பாலும் போகிறவை பாதி. இந்த லாரிக் கூட்டத்தின் நடுவில், சென்னையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் வருகிறது கவரைப்பேட்டை.

பலருக்கு இந்த ஊரின் பெயர் 2024 அக்டோபர் 11-ந் தேதி இரவுதான் தெரிய வந்தது. மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ் இங்கே நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதிய செய்தி நாடெங்கும் பரவிற்று. மற்ற நாட்களில் இது சாதுவான ஊர். ஸ்டேஷன், கடைத்தெரு, இன்ஜினீயரிங் கல்லூரி, சுற்றிலும் வயல். தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து பேசும் எல்லைப்புறம்.

இங்கே ஒரு டீ சாப்பிடலாம் என்று கொழுந்தனார் வண்டியைப் பக்கத்துச் சாலையில் இறக்குகிறார். ஐப்பசி மழை தோண்டிவிட்டுப் போன பள்ளம் ஒன்று அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. 'தொம்' என்று ஒரு சத்தம். மாமியார், "முருகா!" என்கிறார். டிக்கியில் முறுக்கு டின்னும் தன் பங்குக்கு ஏதோ சொல்கிறது.

இறங்கிப் பார்க்கிறீர்கள். காற்று இறங்கவில்லை. வண்டிக்குள் காற்றழுத்தத்தைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. ஆனால் முன்பக்கத்து இடது டயரின் பக்கவாட்டில், எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்தாற்போல் ஒரு புடைப்பு!

பஞ்சர் கடையில் வைத்தியம்

நெடுஞ்சாலை ஊர் என்றால் பஞ்சர் கடைக்குப் பஞ்சமா? பழைய லாரி டயர்களை வாசலில் அடுக்கி, மேல் டயரில் வெள்ளைச் சாயத்தால் 'பஞ்சர்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே 'டக டக' என்று காற்று மெஷின். ஒரு தொட்டியில் கறுப்புத் தண்ணீர். டயர்க்காரர் வருகிறார். ஐம்பது வயது இருக்கும். குந்தி உட்கார்ந்து புடைப்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார்.

"ஒட்டிக் கொடுத்துடுப்பா. சூளூர்ப்பேட்டை வரைக்கும் போனாப் போதும்" என்கிறார் கொழுந்தனார்.

"இது ஒட்டற கேஸ் இல்ல சார். ஆணி குத்தியிருந்தா அஞ்சு நிமிஷம். இது உள்ளே நூலு அறுந்துபோச்சு."

"மெதுவாப் போறேன்."

"மெதுவாப் போனாலும் அறுந்தது அறுந்ததுதானே சார்? பின்னாடி பெரியவங்க உக்காந்திருக்காங்க. நான் ஒட்ட மாட்டேன்."

காசு வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. ஏன் என்றால் நமக்கு அவசரம். ஆனால் அவர் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று சற்றுப் பார்ப்போம். பெண்களுக்கு இது சுலபமாக விளங்கும்.

டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. அது ஒரு நெசவு. கார் டயரின் உள்ளே மெல்லிய நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நெருக்கமாக ஓடுகின்றன. தரையில் படும் பாகத்தின் கீழே அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பின்னலும் உண்டு. காற்றைத் தாங்கி நிற்பது இந்த நூல்தான். ரப்பர் அதன் மேல் போர்த்திய போர்வை. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது, பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கரத்தின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் டயரின் பக்கச் சுவர் நசுங்குகிறது. அம்மியில் வைத்து நசுக்கினாற்போல் சில நூல்கள் அறுந்துவிடுகின்றன. அந்த இடத்தில் காற்றைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. வெறும் ரப்பர் மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. காற்று இன்னும் வெளியேறாததால் விளக்கு எரிவதில்லை.

தரையில் படும் பாகத்தில் ஆணி குத்தினால் கதை வேறு. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால், டயரைக் கழற்றி உள்ளே ஒட்டுப் போட்டு, ஓட்டையையும் அடைத்துவிட்டால் நெடுநாள் உழைக்கும். பக்கச் சுவரில் அது நடவாது. சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் பக்கச் சுவர் மடங்கி நிமிருகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 தடவை. கவரைப்பேட்டையிலிருந்து சூளூர்ப்பேட்டைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்றால், 20,000 தடவை! புடவையின் நடுவில் விழுந்த சிறு கிழிசலை இழை ஓட்டிச் சமாளிக்கலாம். தினமும் மடித்து மடித்து இற்றுப்போன மடிப்பில் தையல் நிற்குமா? மாமியாரைக் கேளுங்கள். "நிக்காது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு வந்துவிடும்.

ஸ்டெப்னி எங்கே?

"அதான் ஸ்டெப்னி இருக்குமே!" என்று உங்களுக்குத் தோன்றுகிறது. 'ஸ்டெப்னி' என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர் கடல் கடந்து வந்து நம் ஊர் லாரி கிளீனர் வாயில் நிலைத்துவிட்டது.

சரி, ஸ்டெப்னியை எடுக்கலாம் என்று சீர்த் தட்டு, சாத டப்பா, முறுக்கு டின், வளையல் பெட்டி எல்லாவற்றையும் கவரைப்பேட்டைச் சாலையோரத்தில் இறக்கி வைக்கிறீர்கள். போகிற வருகிறவர்கள் வளைகாப்பு இங்கேயேதானோ என்று பார்க்கிறார்கள். டிக்கியின் அடிப் பலகையைத் தூக்கினால், அங்கே சக்கரம் இல்லை. ஒரு சின்னப் பெட்டி. அதில் காற்றடிக்கும் பொம்மை மெஷின் ஒன்றும், ஓட்டை அடைக்கும் பசை ஒரு புட்டியும்.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. 2020 ஜூலையில் வந்த விதியின்படி, டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பழுது பார்க்கும் பெட்டியும் உள்ள கார்களில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. பெட்டி ஆணிக் குத்துக்குப் போதும். பக்கச் சுவருக்கு அதில் மருந்து கிடையாது. புது வண்டி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், சீட்டைத் தடவிப் பார்க்கிறோம். இனிமேல் டிக்கியின் பலகையையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது புது டயர். கொழுந்தனார் செங்குன்றத்துக்கும் சென்னைக்குமாகப் போன் செய்கிறார். "அந்த சைஸ் ஸ்டாக்கில் இல்லை. மூன்று நாள் ஆகும்." கவரைப்பேட்டையைச் சுற்றி டயருக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகையில் பிரெஞ்சுக் கம்பெனியான மிஷெலின் லாரி, பஸ் டயர் செய்கிறது. ரோடு முழுதும் டயர் உருளுகிறது. ஆனால் தாகத்துக்குக் கடல் நீர் உதவுமா? நமக்கு வேண்டிய அளவு கிடைக்க வேண்டுமே! 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தபோது, பெரிய கார் வைத்திருந்த பலருக்கு இந்த அனுபவம் ஏற்பட்டது. பெரிய வண்டிக்குப் பெரிய கவலை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஆபத்துக்கு உதவ வருகிறார். "செகண்ட் ஹாண்ட் ஒண்ணு இருக்கு சார், அதே சைஸ்." பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பட்டன் கூடத் தேயவில்லை. கொழுந்தனார் முகம் மலர்கிறது. நம் டயர்க்காரர் மட்டும் அதைப் புரட்டி, பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைக் காட்டுகிறார்: 1114. முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு வருஷம். அதாவது 2014-ம் வருஷத்துப் பதினோராவது வாரத்தில் பிறந்த டயர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட டயரைப் போட வேண்டாம் என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். ஊறுகாய் ஜாடி போல, பழசானால் ருசி கூடும் பொருள் இது அல்ல.

ஊரெல்லாம் டயர் இல்லாதபோது

கொழுந்தனார் இன்னும் போனில் இருக்கிறார். அதற்குள் பழைய கதை ஒன்று கேளுங்கள். ஒரு கடையில் அல்ல, உலகத்திலேயே டயர் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச்சில் ஜாவாவும் போயிற்று. உலகத்து ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் சீமையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போன ஆண்களும் பெண்களுமே. அவர்கள் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். ரப்பர் இங்கே நின்றுவிட்டது. நேச நாடுகளுக்குத் திருவிதாங்கூரும் இலங்கையுமே பெரிய நம்பிக்கையாக மிஞ்சின.

செல்வம் கொழித்த அமெரிக்காவிலேயே அந்த வருஷம் முதன் முதலில் ரேஷனில் வந்த பொருள் டயர்தான். சர்க்கரைக்கு முன்பே டயர்! மணிக்கு 35 மைலுக்கு மேல் யாரும் ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த மட்டும் அல்ல, டயரை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. வேகம் கூடினால் டயர் சூடாகும்; சூடானால் சீக்கிரம் தேயும். நம் சென்னை ராஜதானியிலோ பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரி வாயுவில் ஓடிய அந்த பஸ்களுக்கு மேடு ஏற மூச்சு வாங்கும். அதில் ஒரு நன்மை: டயருக்கு வேலை குறைவு!

அந்தப் பஞ்சம் ஒரு பாடம் கற்பித்தது: டயரின் எலும்பு கெடாமல் இருந்தால் தோலைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஜி.என்.டி. ரோடுக்குக் கிழக்கே, கடலோரத் திருவொற்றியூரில் 1946-ல் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் ரப்பரைச் செய்யத் தொடங்கினார். 1961-ல் டயர்த் தொழிற்சாலைக்கே அடி போட்டார். எம்.ஆர்.எஃப். என்று நீங்கள் கிரிக்கெட் மட்டையில் பார்க்கும் எழுத்து அந்தப் பலூன் கொட்டகையில் பிறந்ததுதான். இன்றும் இந்த ரோட்டில் ஓடும் லாரி டயர்களில் எத்தனையோ ரீட்ரெட் ஆனவை. ஆனால் அங்கேயும் விதி அதேதான். நூல் அறுந்து வயிறு தள்ளிய டயருக்கு யாரும் புதுத் தோல் போட மாட்டார்கள்.

பனி தேசத்திலிருந்து ஒரு குரல்

இந்தச் சமயத்தில் மான்ட்ரியாலிலிருந்து உங்கள் தங்கை வீடியோவில் கூப்பிடுகிறாள். அங்கே இரவு பத்தரை. வளைகாப்பைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டவளுக்குப் பஞ்சர் கடை தெரிகிறது. விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கிறாள். "அக்கா, எனக்கும் இதே கதைதான். போன வாரம் பனிக்குள்ளே மறைஞ்சிருந்த நடைபாதைக் கல்லில் இடிச்சு, குளிர்கால டயர் ஒண்ணு கிழிஞ்சுபோச்சு!"

குளிர்கால டயர் என்று ஒன்று உண்டா? உண்டு. 1934-ல் பின்லாந்துக்காரர்கள் பனியில் போகும் லாரிகளுக்காக முதலில் செய்தார்கள். நெய் உறைவது போல் சாதாரண டயரின் ரப்பரும் குளிரில் விறைத்துப்போகும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்குப் பிடிப்புக் குறைந்துவிடும். குளிர்கால டயர் விறைக்காத ரப்பரில் செய்தது. பனியைக் கவ்விப் பிடிக்கக் கீறல் கீறலாக வெட்டியிருக்கும். தங்கை இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் போடாமல் வண்டி எடுப்பது சட்டப்படி குற்றம். கடைக்காரர்கள் இலையுதிர் காலத்திலேயே சரக்கு எடுத்து விற்றுவிடுவார்கள். ஜனவரியில் போய் ஒன்று மட்டும் கேட்டால் அதே ஜாதி கிடைப்பது அரிது.

"அப்புறம் என்ன செய்தாய்?"

"சும்மா கிடக்கிற கோடைக்கால டயரை அந்த ஒரு இடத்தில் மட்டும் போடலாமான்னு கேட்டேன். மெக்கானிக் கூடவே கூடாதுன்னுட்டார். மூணு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும், வண்டி சுழன்றுபோகும். வேறே ஜாதியானாலும் ஒரே மாதிரி குளிர்கால டயர் ஜோடியா ரெண்டு வாங்கி, ஒரே அச்சில் பின்னாடி போடணுமாம். மிஞ்சின நல்ல டயரை ஸ்டெப்னிக்கு வச்சுக்கணுமாம். ஜோடி வர்ற வரைக்கும் வண்டியைத் தொடலை. மெட்ரோ ரயிலில்தான் போறேன்."

தங்கை சொன்னதில் நமக்கும் பாடம் இருக்கிறது. கவரைப்பேட்டையில் பனி பெய்யாது. அந்தக் குளிர்கால டயரை இங்கே கொண்டுவந்து போட்டால் நம் வெயிலில் ரப்பர் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு உண்டு. டயரின் பள்ளங்கள் வழியாகத்தான் மழைத் தண்ணீர் வெளியேற வேண்டும். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால், அதற்கென்று டயரிலேயே வைத்திருக்கும் சிறு மேடுகள் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு மேல் அது மொட்டை டயர். தண்ணீரின் மேல் மிதக்கும்; பிரேக் பிடித்தாலும் நிற்காது. மழைக்கு முன்பே பார்த்து வாங்குகிறவர்களுக்குப் பஞ்சம் கிடையாது.

என்னதான் வழி?

மணி ஒன்பதே முக்கால். "தம்பி, கவரைப்பேட்டையில் ரயில் நிக்குமில்ல?" என்று மாமியார் கேட்கிறார்.

நிற்கும்! சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் வண்டிகள் இங்கே நிற்கின்றன. அவற்றில் சில சூளூர்ப்பேட்டை வரையிலும் போகின்றன. எது போகும் என்று விசாரித்துக்கொண்டு ஏற வேண்டும், அவ்வளவுதான். வண்டி டயர்க்காரர் கடை நிழலிலேயே நிற்கட்டும். டயர் வந்ததும் கொழுந்தனார் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் ஒன்றல்ல, ஜோடியாக இரண்டு. சீர்த் தட்டுகள் ஆட்டோவில் ஏறுகின்றன. டயர்க்காரர் முறுக்கு டின்னைத் தாமே தூக்கிக் கொடுக்கிறார். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் செய்யலையேம்மா" என்கிறார்.

ஒன்றும் செய்யவில்லையா? பொருள் கிடைக்காத காலத்தில் நம் மனம் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்கத் தவிக்கிறது: "ஓடும்". அதைச் சொல்லிக் காசு வாங்குவது சுலபம். "ஓடாது" என்று சொல்லி, வந்த காசை விடுவதற்கு நெஞ்சில் ஈரம் வேண்டும். நாம் எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது டயருக்குத் தெரியாது. அறுந்த நூல் எங்கே இருக்கிறது என்பது மட்டுந்தான் அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர் சொல்லைக் கேட்பது நமக்கு நல்லது.

ரயில் ஜன்னலோரத்தில் வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கும்மிடிப்பூண்டி, ஏளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று ஊர்கள் வரும். வலப்பக்கத்தில் வெகு தூரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது என்று மாமியாருக்குச் சொல்லுங்கள். சூளூர்ப்பேட்டைதான் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்கு இறங்கும் ஸ்டேஷன் என்பதையும் சொல்லுங்கள். வளையல் அடுக்கச் சற்று நேரமானால் ஆகட்டும். கண்ணாடி வளையல் ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தால் போதாதா?